கண்டதைச் சொல்லாத ராத்தா

மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் ஒரு முஸ்லிம் வீட்டில் பெண் யாராவது மௌத்தானால், அதாவது இறந்துபோனால், முதலில் ராத்தாவுக்கு ஆள் போகும், அடுத்தது எனக்கு. அவரைக் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கொண்டுவருவதும் சந்தியில் வாடகைக்கு நிற்கும் என்னுடைய பழைய ஒஸ்டின் கார்தான். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் பெரியவர், சின்னவர், தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்த தமிழர்களான நாங்கள், சிங்களக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். சொந்தப் பெயர் என்னவென்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது கேட்டால் சொல்வதற்கு ஆளும் இல்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு பத்துப் பன்னிரண்டு வருசம் ஆகியிருந்த காலம் அது. ராத்தாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். விடியற்காலையில் இடியப்பம் அவித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவித்தார். மையித்துக் குளிப்பாட்டுவது, அதாவது இறந்த பெண்களின் உடலைக் குளிப்பாட்டுவது, அதற்கு மேலே. அதை வேலை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார், அந்த வீட்டில் ஒரு வெற்றிலைகூடப் போடமாட்டார். சூடம், இலந்தை இலை, புதுச் சவுக்காரம் எல்லாம் பன்புல்லில் இழைத்த ஒரு பையில் இருக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறுவார், ஏறியதும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வார், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது இரண்டு கையையும் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றில் காயவிடுவார். அப்போது நன்றாகப் பேசுவார். பலாக்காய் என்ன விலை, என் காரின் ஹோர்ன் ஏன் ஆடு கத்துகிற மாதிரிக் கத்துகிறது, என் மனைவிக்கு இந்தத் தடவையாவது பெண் பிள்ளை பிறக்குமா, எல்லாம் பேசுவார். போய்வந்த வீட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் வராது. அந்த வீட்டுக்கே போகாதவர் மாதிரி இருப்பார்.

இதனால் ஊர்ப் பெண்களுக்கு அவர்மேல் தீராத எரிச்சல். ஒரு கதை சொல்கிறேன். ரயில்வே ஸ்டேசனுக்குப் பின்பக்கம் ஒரு ஹாஜியார் வீட்டு அம்மாளுக்குத் தலை நிறையக் கொண்டை. கலியாண வீடுகளில் எல்லோரும் அந்தக் கொண்டையைத்தான் பார்ப்பார்கள். அது சொந்த முடியா, சவுரியா என்று ஒரு பதினைந்து வருசமாகப் பெண்களுக்குள் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அம்மாள் மௌத்தானார். குளிப்பாட்டும்போது தலைமுடியை அவிழ்த்துத்தானே ஆகவேண்டும்? இனித் தீர்ப்புக் கிடைத்துவிடும் என்று எல்லோரும் ராத்தாவின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். என் மனைவிகூட ஒரு சுளகு நிறையக் கீரையை ஆய்ந்து எடுத்துக்கொண்டு போய், சும்மா போனவள் போல அவர் வாசலில் உட்கார்ந்தாள். கீரையை ராத்தா வாங்கிக்கொண்டார். "இது நல்ல எளங்கீர" என்றார். என் மனைவி வெறுங்கையோடு வந்து அன்றைக்கு என்மேல் எரிந்து விழுந்தாள். அந்தக் கொண்டையின் உண்மை இன்றுவரை உக்குவளைக்குத் தெரியாது.

இதை நாங்கள் சொல்லிச் சிரிப்போம். சிரிக்க முடியாததும் ஒன்று நடந்தது.

மாத்தளை டவுனில் ஒரு பெரிய வீடு. கலியாணம் கட்டி வந்து ஒரு வருசமும் ஆகாத பெண்பிள்ளை மௌத்தாகியிருந்தது. காய்ச்சல் என்று சொன்னார்கள். அன்றைக்குக் குளிப்பாட்ட வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. நான் வெளியே காரில் சாய்ந்துகொண்டு நின்றேன். வந்து ஏறிய ராத்தா கையை வெளியே நீட்டவில்லை, ஈரக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். எனக்கு என்னவோ போல இருந்தது.

"காய்ச்சல்னு சொன்னாங்களே ராத்தா, காய்ச்சல்தானாங்க?" என்று கேட்டேன்.

"மழ வரும் போல, தம்பி. அந்தக் கண்ணாடிய ஏத்துங்க" என்றார்.

வானத்தில் ஒரு மேகம் கிடையாது. நான் கண்ணாடியை ஏற்றினேன்.

சில நாள் கழித்து அந்தப் பிள்ளையின் அண்ணன் எங்கள் ஊருக்கு வந்தான். சந்தியில் இறங்கி, ராத்தா வீடு எது என்று என்னிடம்தான் கேட்டான். நானே கூட்டிக்கொண்டு போனேன். அவன் வாசலில் நின்று, தங்கச்சியின் உடம்பில் என்ன கண்டீர்கள், அல்லா மேல் ஆணையாகச் சொல்லுங்கள் என்று கேட்டான். அழுதுகொண்டே கேட்டான். ராத்தா அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"ஒங்கட தங்கச்சிய நல்ல மாதிரிக் குளிப்பாட்டினேன், மகன். அவட மானத்துக்கு ஒரு கொறயும் வெக்கல்ல" என்றார். அவன் கிளாசைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டுப் போனான். ராத்தா குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்.

எனக்குக் கோபம் வந்தது. சும்மா இருக்கிற ஆள் இல்லை நான், கேட்டுவிட்டேன். "ஒரு வார்த்த சொன்னா என்னங்க? அந்தப் புள்ளைக்கு ஒரு நியாயம் கிடைச்சிருக்கும்தானே?"

"மௌத்தானவங்கள நம்மட கையில தாறாங்க, தம்பி. அவங்களுக்கு மூட ஏலாதத நாம மூட வேணும். கண்டதச் செல்லிற கை, மையித்தத் தொடக்கூடாது. எங்கட மார்க்கத்தில அப்பிடித்தான்."

"மூடினா அடிச்சவனுக்குத்தானேங்க நல்லது?"

ராத்தா இடியப்ப உரலை எடுத்துக் கழுவத் தொடங்கினார். மூடுவது அவருடைய வழக்கம், அவருடைய நம்பிக்கை. ஆனால் நான் அதை அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதற்குப் பிறகும் நான்தான் அவரை ஏற்றிக்கொண்டு போனேன்.

அவருக்கு ஒரே மகன். தாய்க்கு நேர் எதிர், வாய் ஓயாது. மூதூர்ப் பக்கம் போய்க் கருவாடும் எருமைத் தயிரும் எடுத்துவந்து மாத்தளையில் விற்பான். சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் காரில் ஏறி, போய்வந்த கதை முழுவதையும் வீட்டு வாசல் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவான். அக்குறணையில் கலியாணம் கட்டினான். பெண்ணுக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். ராத்தாவை மாமி, மாமி என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு மார்கழியில் வெள்ளம் வந்தது. மகாவலி கங்கை கடலில் விழுகிற இடம்தான் மூதூர்ப் பக்கம். மேலே மலையில் பெய்த மழை முழுவதும் அங்கேதான் போய்ச் சேரும். கங்கையைக் கடக்கிற தோணி ஒன்று புரண்டது என்றும், சனங்கள் தண்ணீரோடு போய்விட்டார்கள் என்றும் லொறிக்காரர்கள் சொன்னார்கள். அந்தத் தோணியில் ராத்தாவின் மகன் ஏறினானா என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஏறியதைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னார், அவன் அதற்கு முதல் நாளே புறப்பட்டுவிட்டான் என்று இன்னொருவர் சொன்னார். அவன் வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மாதங்கள் போயின. ராத்தா இடியப்பம் அவித்தார், மையித்து வீடுகளுக்குப் போனார். அழுததை நான் பார்க்கவில்லை. ஆனால் மருமகளின் பாடு பெரிய பாடாக இருந்தது. கணவன் மௌத்து என்றால் நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்காமல் இத்தா இருக்க வேண்டும். அது முடிந்தால் அந்தப் பிள்ளைக்கு வேறு வாழ்க்கை அமைத்துக் கொடுக்கலாம். ஆனால் மௌத்து என்று யார் சொல்வது? மையித்தைக் கண்டவர் இல்லை. வருசக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைக்குக் கலர் சேலை உடுக்கவும் பயம், வெள்ளை உடுக்கவும் பயம். தகப்பன் அக்குறணையில் இருந்து வந்து வந்து போனார். ஒரு தடவை காரில் ஏறியபோது, "என்ட மகள் பொண்டாட்டியுமில்ல, விதவையுமில்ல. இது என்ன சீவியம், டிரைவர்?" என்று என்னிடம் கேட்டார். நான் கியரை மாற்றினேன்.

அப்போதுதான் ஒரு கருவாட்டு லொறிக்காரன் செய்தி கொண்டுவந்தான். வெள்ளம் வடிந்த பிறகு, மூதூருக்கு அங்கால் கங்கை ஓரத்துச் சதுப்பில் ஓர் ஆணின் உடல் கிடந்ததாம். பக்கத்துக் கிராமத்து முஸ்லிம்கள் எடுத்துக் குளிப்பாட்டி, தொழுது, தங்கள் மையவாடியில் அடக்கினார்களாம். குளிப்பாட்டியவர் அந்தக் கிராமத்து மோதினார், பள்ளியில் பாங்கு சொல்லுகிறவர். அவரைக் கேட்டால் தெரியும் என்றான்.

மறுநாளே புறப்பட்டோம். ராத்தா, நான், ராத்தாவின் தம்பி, மூன்று பேர். தம்பிக்காரர் மாத்தளை பசாரில் தையல்காரர். அந்தக் குடும்பத்தில் பேச்சு ஒருவருக்கு இல்லாமல் போனதன் காரணம், மற்றவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டதுதான் போல. நாலந்தையில் தொடங்கினார், தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோதும் நிற்கவில்லை. சீகிரியா மலை தூரத்தில் தெரிந்தபோது அதைப் பற்றி, ஹபரணைக் காட்டில் யானைச் சாணி கிடந்தபோது அதைப் பற்றி. மூதூருக்கு அந்தக் காலத்தில் கொட்டியாரத் துறை என்று பெயராம். கண்டி ராசாமார்களின் துறையாம்.

"எங்கட மூத்த வாப்பாமார் தாவளம் மாட்டில பாக்கும் மெளகும் ஏத்தி, இந்தக் காட்டால நடந்தே அங்க கொண்டு போனாங்க, டிரைவர். திரும்பி வாறப்ப உப்பும் கருவாடும். ரெண்டு மாசம் செல்லும். சில ஆக்கள் திரும்பி வாறதே இல்ல" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கந்தளாய்க் குளம் வரும்வரை வாயை மூடிக்கொண்டு வந்தார். ராத்தா ஒன்றும் கேட்காதவர் போல வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

திருகோணமலையில் காரை விட்டுவிட்டு, மூதூருக்குக் கடலால் போகும் லோஞ்சில் ஏறினோம். நான் மலைநாட்டுப் பிறவி. அவ்வளவு தண்ணீரை அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. நீலமாகக் கிடந்தது, டீசல் மணத்தது, தம்பிக்காரர் வாந்தி எடுத்தார்.

ராசாமார்களின் துறையில் இறங்கிப் பார்த்தால் ஒரு பலகைப் பாலம், மணலில் காயும் கருவாடு, ஓலைக் கொட்டில்கள், கவிழ்த்துப் போட்ட தோணிகள். தம்பிக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. ஒரு புளியமரத்தைக் காட்டி, கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களை ராசாவின் ஆட்கள் இந்த மாதிரி ஒரு மரத்துக்கடியில்தான் பிடித்தார்கள் என்றார். பழைய கோட்டை இருந்த இடம் என்று ஒரு மண்மேட்டைக் காட்டினார், அதில் மாடுகள் படுத்திருந்தன. எத்தனையோ நாட்டுக் கப்பல் வந்த துறை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ராத்தா கருவாட்டுக்காரிகளைத் தாண்டும்போது மட்டும் ஒரு கணம் நின்றார். பிறகு நடந்தார்.

அங்கிருந்து மாட்டுவண்டி, அதற்குப் பிறகு ஒரு சின்னத் தோணி. கங்கையில் இருந்து வெள்ளத்தோடு உள்ளே ஏறி, வடியாமல் தங்கிவிடுகிற தண்ணீரை அங்கே வில்லு என்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வில்லுதான். முழங்கால் அளவுத் தண்ணீர், அதில் ஆள் உயரத்துக்குப் புல், புல்லுக்குள் எருமைகளின் முதுகு. கண்டல் மரங்களின் வேர்கள் சேற்றுக்கு வெளியே நின்றன. நாரைகள் ஒற்றைக் காலில் நின்று எங்களைப் பார்த்தன. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. இதற்குள் ஒரு மனிதனைத் தேடுவதென்றால் எங்கே தொடங்குவது? தோணிக்காரன் துடுப்பை நீட்டி, "அந்தப் புல்லுக்குள்ளதான் கெடந்த" என்றான். ராத்தா அவன் காட்டிய இடத்தைப் பார்த்தார். மற்ற எல்லா இடத்தையும் போல அதிலும் புல்தான் இருந்தது.

மோதினார் எழுபது வயதுக்காரர், மெலிந்த ஆள். பின்னேரத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால், பாங்கு சொல்லித் தொழுதுவிட்டு வந்துதான் பேசுவேன் என்று தம்பிக்காரரையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த ஓலைப் பள்ளிக்குப் போனார். தொழுது முடித்ததும், தம்பிக்காரர் அங்கே ஓதிக்கொண்டு இருக்க, அவர் முதலில் வந்துவிட்டார். ராத்தாவை மோதினாரின் குடிசைக்குள் உட்காரவைத்து, வாசலில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மோதினார் சேலைக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். நான் வேலியோரம் ஒரு தென்னங்குற்றியில் இருந்தேன்.

முதலில் அவர் பொதுவாகத்தான் பேசினார். நல்ல மாதிரிக் குளிப்பாட்டினோம், கபன் துணி சுற்றினோம், நாற்பது பேர் நின்று தொழுதோம் என்றார். அடையாளம் ஏதும் கண்டீர்களா என்று ராத்தா உள்ளே இருந்து கேட்டார். "கண்டதச் சொல்லப்படாது, தங்கச்சி" என்றார் அவர்.

ராத்தா, "நானும் மையித்துக் குளிப்பாட்டிற ஆள்தான். எனக்கும் தெரியும். கேட்டது பிழைதான்" என்றார். கிழவர் மேலே பேசியிராவிட்டால் அதோடு எழும்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கிழவர் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு சேலைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, இரகசியமாகப் பேசத் தொடங்கினார். பாவம், அவர் இரகசியம் என்று நினைத்தார். ஐம்பது வருசம் பாங்கு சொல்லிப் பழகிய குரல் அது, இரகசியம் பேச அதற்குத் தெரியாது. வேலியில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நீங்களும் இந்தக் கைவேல செய்யிற ஆளெண்டபடியாச் சொல்றன். உங்களோட இது முடியட்டும். அது நம்மட ஆளில்ல, தங்கச்சி. சுன்னத்துச் செய்யாத ஒடம்பு."

கிழவர் தானாகவே சொல்லிக்கொண்டு போனார். "முகம் தெரியிற நெலமையில இல்ல. சாரமும் இடுப்பில பச்சப் பெல்ட்டும் கட்டிக் கெடந்தான், அதப் பாத்து நம்மட ஆள், சோனகன்தான் எண்டு தூக்கிக்கொண்டு வந்துட்டாங்க. பெல்ட்டு ஆரும் கட்டலாம்தானே. குளிப்பாட்டின தெரக்குள்ள நான் மட்டும்தான். மத்த ரெண்டு பொடியனும் நாத்தம் தாங்காம வெளிய போயிட்டானுகள். குழி வெட்டியாச்சி, ஊரு தொழ நிக்கிது. நான் வெளிய வந்து இதச் சொன்னா, அந்த ஒடம்ப ஆரு எடுக்கிற? திரும்பவும் வில்லுக்குள்ளதானே போடுவானுகள்? மூடிட்டன். மூடித்தான் கெடக்கு."

தம்பிக்காரர் பள்ளியில் இருந்து வருவது தெரிந்தது. மோதினார் எழும்பிக் குடிசைக்குப் பின்பக்கம் போனார். ராத்தா சேலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, அது எப்போதும் அப்படித்தான். என் முகம் எப்படி இருந்ததோ, நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"என்ன ராத்தா? என்ன செல்றார்?" என்று தம்பிக்காரர் அவசரமாகக் கேட்டார்.

"நம்மட மகன்தான்" என்றார் ராத்தா. "காலில சின்னதில வெட்டுப்பட்ட அந்தத் தழும்பு இருந்திச்சாம்."

தம்பிக்காரர் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதார். நான் அந்தத் தென்னங்குற்றிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இருந்தேன். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. காது மட்டும் அடைத்த மாதிரி இருந்தது.

மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. ராத்தா கண்டல் தடியால் கட்டிய வேலிக்கு வெளியே நின்று, தலைமாட்டில் நடும் மீசான் கல்கூட இல்லாத அந்த மண்ணைப் பார்த்து ஓதினார். நிறைய நேரம் ஓதினார். யாரோ ஒருவனுக்காக ஓதுகிறார் என்று எனக்குத் தெரியும். அவன் எங்கள் ஆளாக இருக்கலாம், தோட்டத்தில் இருந்து கூலிக்கு இறங்கி வந்தவனாக இருக்கலாம், ஒரு சிங்களப் பொடியனாகவும் இருக்கலாம். அவனுக்கும் ஒரு தாய் எங்கேயோ காத்துக்கொண்டு இருப்பாள்தானே? அவளுக்கு யார் போய்ச் சொல்வது? இனி அந்த மண்ணுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது, அவள் வந்து கேட்டாலும் யாரும் காட்டமாட்டார்கள். இதை நினைத்தபோது எனக்கு ராத்தாமேல் வெறுப்புக்கூட வந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கைகளைப் பார்த்தேன், வெறுப்பும் நிலைக்கவில்லை.

திரும்பும்போது தம்பிக்காரர்கூடப் பேசவில்லை. ஹபரணைக் காடு, தம்புள்ளை, நாலந்தை எல்லாம் வந்து போயின.

வீட்டு வாசலில் அந்தப் பிள்ளை நின்றுகொண்டு இருந்தது. "மாமி, அவரா?" என்று கேட்டது.

"அவன்தான், மகள்" என்றார் ராத்தா. "உள்ள வாங்க. வெள்ள சேலை எடுத்துத் தாறன்."

அது வீறிட்டு அழுதது. மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்த அழுகை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். பள்ளிவாசலில் தொழுகை நடந்தது, கத்தம் ஓதினார்கள், எங்கள் வீட்டுக்கும் சாப்பாட்டுச் சகன் தட்டு வந்தது. என் மனைவி, "பாவம், இப்பவாவது ஒரு முடிவு தெரிஞ்சிச்சே" என்றாள். நான் அவளுக்குச் சொல்லவில்லை.

இத்தா முடிந்து, தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போய், அடுத்த வருசமே அக்குறணையில் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் வைத்தார்கள். நல்ல மாப்பிள்ளை, துணிக்கடைக்காரர். ராத்தா தன் கையால் வட்டிலப்பம் அவித்து எடுத்துக்கொண்டு என் காரில்தான் போனார். பிள்ளை கட்டிப்பிடித்து அழுததாம், இவர்தான் கண்ணைத் துடைத்துவிட்டு, மணப்பெண் அழக்கூடாது என்று அதட்டினாராம். உள்ளே இருந்து வந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது தம்பிக்காரர் அங்கேயே தங்கிவிட்டதால் நாங்கள் இரண்டு பேர்தான். ராத்தா வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

"தம்பி, அண்டைக்கு அந்த மோதினார் பேசினது ஒங்களுக்கும் கேட்டிரிக்கும்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். "கேட்டுச்சுங்க" என்றேன்.

"தெரியும். எல்லாத்தையும் கேக்கிற மனிசன் நீங்க. அண்டைக்குத் திரும்பி வாற வழியெல்லாம் ஒண்டும் கேக்கல்லையே."

அவர் மடியில் இருந்த காலி வட்டிலப்பப் பாத்திரத்தைத் தடவினார்.

"மகன் உசிரோட இருந்தா ஒரு நாளைக்கு வருவான். மாத்தளை பஸ்ஸிலதான் வந்து இறங்குவான். இறங்கினா ஒங்கட கார்லதான் ஏறுவான்."

"வந்தா நேரா உங்ககிட்டத்தாங்க கொண்டுவருவேன், ராத்தா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"கொண்டு வராதீங்க" என்றார். "பழைய புருசன் உசிரோட வந்தா, அந்தப் புள்ளட கலியாணம் நெலக்காது. அவள் இண்டைக்குத்தான் சிரிச்சாள். ஊருக்குள்ள ஒருத்தரும் காண முந்தி அவனத் திருப்பிக் கொண்டுபோய், தூரத்தில எங்கயாவது உட்டுட்டு வாங்க."

"ராத்தா..."

"உம்மா மௌத்தாயிட்டா எண்டு செல்லுங்க. அப்பதான் திரும்பி வரமாட்டான்." கதவைத் திறந்து இறங்கினார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "வந்தான் எண்டு எனக்கும் செல்ல வேணாம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் சரி என்றேனா என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போலச் சந்தியில் காரை நிறுத்தினேன். மாத்தளையில் இருந்து முதல் பஸ் வருகிற சத்தம் கேட்டது. இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக, ஒன்றும் பழுதாகாத காரின் பொனட்டைத் திறந்து, பஸ் புறப்பட்டுப் போகும்வரை தலையை அதற்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.